மூச்சு விடாத துணி

வண்டி வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் இன்னும் ஓயவில்லை.

முத்துப்பேட்டைக்கு அது புதுசுதான். முப்பத்து நான்கு அடி நீளம். கரூரில் கூண்டு கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, கூரைமேல் ஏ.சி. என்று ஒரு குடித்தனத்தையே சக்கரத்தின் மேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான் பாசித். மஸ்கட்டில் பதினாறு வருஷம் பஸ் ஓட்டியவன். போதும் என்று மனைவி தஹ்மீனாவோடு ஊர் திரும்பிவிட்டான். நாகூர், வேளாங்கண்ணி, பூம்புகார் என்று குடும்பமாகச் சுற்ற வருகிறவர்களை இந்த வண்டியில் அழைத்துப் போவதுதான் இனி அவன் பிழைப்பு. முதல் பயணம் டிசம்பரில்.

அண்ணன் மூஸாவின் வீட்டுக்கும் பாசித்தின் வீட்டுக்கும் நடுவே இருந்த பொதுத் தோப்பில் வண்டியை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து மூஸாவின் மனைவி கமருன்னிஸாவின் அடுப்படி ஜன்னலில் வெயில் விழவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே பால்வெள்ளையாக ஒரு சுவர். அந்தச் சுவருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஒன்று தஹ்மீனாவின் சிரிப்பு. இன்னொன்று கமருன்னிஸாவின் மகள் ஷமாவுடையது.

அந்த இரண்டாவது சிரிப்புதான் அவளை அரித்தது.

முன்பெல்லாம் கல்லூரி விட்டு வந்தால் ஷமா நேரே அடுப்படிக்குத்தான் வருவாள். பஸ்ஸில் நடந்தது, வகுப்பில் நடந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் முகம் கழுவுவாள். இப்போது பை நாற்காலியில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த நிமிஷம் வண்டிக்குள் இருப்பாள். திரைக்கு என்ன துணி, மெத்தைக்கு என்ன நிறம் என்று சாச்சி தஹ்மீனாவும் அவளும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பாசித்தும் அப்படித்தான். எதைக் கேட்டாலும், "தஹ்மீனாவக் கேட்டுச் சொல்றேன்" என்பான். கமருன்னிஸாவின் கணவர் இருபத்தொரு வருஷத்தில் அவளைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கிற வளையத்தைப் பற்றி. "எத்தன ஐலெட் அடிச்சே?" கடைவீதியில் அவர்கள் கடைப் பலகையில் 'மூஸா தார்ப்பாய் நிலையம்' என்றிருந்தது. அங்கே வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது எல்லாம் கமருன்னிஸா.

அந்தப் புதன்கிழமை காலை, அவள் மூன்று நாளாகத் தைத்த கவர் லோடு ஆட்டோவில் தோப்புக்குள் வந்து இறங்கியது.

"பாத்து, பாத்து! இழுக்காதீங்க, தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கடைவேலையாள் பஞ்சநதம் இறங்கினார். ஐம்பது வயது. தார்ப்பாயைத் தொட்டுப் பார்க்காமலே எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லக்கூடியவர். பாசித்தும் கைகொடுத்தான். ஆட்டோ டிரைவரோடு மூன்று பேர் பிடித்தும் கவர் நெல் மூட்டை போல் கனத்தது.

பஞ்சநதம் கமருன்னிஸாவின் பக்கம் வந்து குரலைத் தணித்தார்.

"ஏம்மா, வண்டிக்கு இதையா போடப் போறோம்?"

"அவங்க கேட்டது அதுதான் அண்ணே."

"கேட்டா?" என்று மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏணியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

கேட்டது என்னவோ வாஸ்தவம்தான். நாலு நாளைக்கு முன் தஹ்மீனா கடைக்கு வந்தாள். மூஸா அப்போது ஊரில் இல்லை. குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வந்துவிட்ட சமயம். நெல் மூடும் தார்ப்பாய்களை ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் போனவர் ஒரு வாரமாக அங்கேயே தங்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து நல்ல மழைங்கறாங்க ராத்தா. இந்த உப்புக்காத்து வேற. நல்லதா ஒரு கவர் தச்சுக் குடுங்க" என்றாள் தஹ்மீனா.

கமருன்னிஸா இரண்டு துணிகளை எடுத்துப் போட்டாள். ஒன்று வெள்ளி நிறத்தில் பிளாஸ்டிக் பூசிய கெட்டித் தார்ப்பாய். வெளிச்சத்தில் பளபளத்தது. மற்றது சாம்பல் நிற மூன்றடுக்குத் துணி. பார்வைக்கு அழுக்குக் கம்பளி மாதிரி இருக்கும். ஆனால் மழையை உள்ளே விடாது. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விட்டுவிடும். மூச்சு விடுகிற துணி என்று கடையில் அதற்குப் பெயர்.

தஹ்மீனா வெள்ளித் துணியைத் தடவினாள்.

"இதுதான் கெட்டியா இருக்கு. இல்ல ராத்தா? இது போட்டா ஒரு சொட்டு எறங்காதுல்ல?"

ஒரு சொட்டு இறங்காதுதான். உள்ளே வேர்க்கிற ஈரம் வெளியேறவும் செய்யாது. பகலில் வெயிலில் வேகும், ராத்திரியில் குளிரும், கடற்காற்றின் உப்போடு சேர்ந்து பெயிண்டை ஊறவைக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துத் தெரு ஜாஃபர் சாதிக் தன் புதுக் காரை இதே துணியால் மூன்று மாதம் மூடிவைத்தார். திறந்தபோது காரின் மேலெல்லாம் கொப்புளம். உள்ளே சீட்டில் பச்சையாகப் பூஞ்சை. அதற்குப் பிறகு இந்தத் துணியை வண்டிக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் 'வேணாம்' என்று சொல்லி அனுப்புகிறவளே கமருன்னிஸாதான். முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னாள்.

தஹ்மீனாவிடமும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, கடைக்குள் வந்த ஷமா துணிகளை ஏறிட்டும் பார்க்காமல் சாச்சியின் தோளில் கையைப் போட்டு, "சாச்சி எத எடுத்தாலும் சூப்பராத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கமருன்னிஸாவின் வாய் மூடிக்கொண்டது.

"உனக்குப் பிடிச்சா சரிதான்" என்றாள்.

மூன்று நாள் தைத்தாள். ஒவ்வொரு தையலிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு தையலிலும், வெள்ளை வண்டி கொப்புளம் கொப்புளமாக நிற்கிற காட்சி மனசுக்குள் வந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

தைப்பதில் மட்டும் துரோகம் செய்யத் தெரியவில்லை. அளவு ஒரு அங்குலம் பிசகவில்லை. கதவு இருக்கிற இடத்தில் ஜிப், கண்ணாடிக்குத் தனிப் பை, அடியில் கட்ட ஒன்பது பெல்ட்.

வண்டியை முதல் நாளே கழுவித் துடைத்துக் காயவைத்திருந்தான் பாசித். ஒரு பொட்டு மணல் உள்ளே தங்கினாலும், காற்றில் துணி ஆட ஆட உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல் ஆகிவிடும். கூரை ஏ.சி.யின் முனைகள், பின் ஏணி, கண்ணாடித் தண்டு எல்லாவற்றுக்கும் பழைய மெத்தை ஸ்பாஞ்சை வெட்டிச் சுற்றினார் பஞ்சநதம். இல்லாவிட்டால் முனை குத்திக் கவர் கிழியும்.

சுருட்டிய கவரைக் கூரைக்கு ஏற்றி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக உருட்டினார்கள். கமருன்னிஸா கீழே நின்று சொன்னாள்.

"அண்ணே, தையல் நடுவுல வரணும். இன்னும் ஒரு சாண் எடது பக்கம். பாசித், முன்னாடி மொதல்ல இறுக்காதே, எல்லாத்தையும் மாட்டிட்டு ஒண்ணா இறுக்கு."

பக்கங்கள் சரசரவென்று இறங்கின. பெல்ட்டுகள் அடியில் பூட்டின. எங்கும் ஒரு தொய்வு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. வண்டி வெள்ளிப் பெட்டி போல் வெயிலில் மின்னியது. தோப்பு வாசலில் நின்றிருந்த நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

தஹ்மீனா ஓடிவந்து கமருன்னிஸாவின் கையைப் பிடித்தாள்.

"ராத்தா! அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி இருக்கு!"

பாசித் செல்போனை நீட்டிப் படம் எடுத்தான். குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அப்போதே பேசி அனுப்பினான். "எல்லாரும் பாருங்க, நம்ம வண்டிக்குக் கவர் போட்டாச்சு. தஹ்மீனா செலக்ஷன்!"

தஹ்மீனா செலக்ஷன். விடியற்காலையில் எழுந்து மெஷினில் குனிந்த முதுகு யாருடையது, ஊசி ஏறிய விரல் யாருடையது என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. கமருன்னிஸா கையை மெல்ல உருவிக்கொண்டாள். கிடக்கட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். அவ செலக்ஷன்தானே, அவளே பாத்துக்கட்டும்.

மதியம் ஷமா சீக்கிரமே வந்துவிட்டாள். ஏதோ கூட்டம் என்று கல்லூரியில் அரை நாள் விட்டிருந்தார்கள். அடுப்படி ஜன்னல் வழியே கமருன்னிஸா பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் பையைப் போட்டுவிட்டு ஷமா வண்டியை நோக்கி ஓடினாள். கவரின் ஓரத்தைப் பிடித்தாள். இரண்டு விரலால் நிமிண்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சாயங்காலங்களில் கடையில் உட்கார்ந்து படித்த பெண் அவள். துணி தெரியும்.

கவரை விட்டுவிட்டு, திரும்பி, நேராக அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள்.

பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவள் வண்டிக்குள் போகாமல் உம்மாவிடம் வந்தாள்.

"உம்மா, கடையில அந்தச் சாம்பத் துணி இருந்துச்சே."

"இருக்கு. அதுக்கென்ன?"

"இதுக்கு ஏன் அதப் போடல?"

"உன் சாச்சி இதக் கேட்டா. குடுத்தேன்."

"சாச்சிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

கமருன்னிஸா அடுப்பைக் குறைத்தாள்.

"ஜாஃபர் சாதிக் மாமா கார் எப்படி ஆச்சுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்வீங்க. நம்ம வீட்டு வண்டிக்கு ஏம்மா சொல்லல?"

"நம்ம வீட்டு வண்டியா?" கமருன்னிஸாவின் குரல் உடைந்து உயர்ந்தது. "அது நம்ம வீட்டு வண்டியாடி? உனக்கு அப்படித்தான் இருக்கும். உனக்கு அவதானே எல்லாம். இருவது வருஷம் வளத்தவ நான். பன்னெண்டு நாள்ல அவ சிரிப்புக்கு நீ போயிட்டே. இந்த அடுப்படியில ஒருத்தி நிக்கிறான்னு உனக்கு நெனப்பு இருந்துச்சா? நான் சாப்பிட்டேனான்னு கேட்டியா?"

ஷமாவின் கண் நிறைந்தது, ஆனால் வழியவில்லை.

"அதுக்காகவா?" என்றாள் மெல்ல.

அதற்காகத்தான் என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது.

ஷமா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்க போற?"

"சாச்சிகிட்ட. இந்தத் துணி வேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி உம்மா எங்கிட்ட சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிடுறேன். அவங்க என்னத் திட்டிட்டுப் போகட்டும். உங்கள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

கமருன்னிஸாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தப் பெண்ணைத்தான் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தாளா? எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"நில்லு. நீ பொய் சொல்ல வேணாம். நான் போறேன்."

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாசித் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். பஞ்சநதமும் கடைக்குத் திரும்பிவிட்டார். வண்டியின் நிழலில் தஹ்மீனா தனியாக உட்கார்ந்து, மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"தஹ்மீனா, இந்தக் கவர அவுக்கணும்."

"ஏன் ராத்தா? எங்கயாச்சும் பிரிஞ்சிருக்கா?"

"பிரியல. இந்தத் துணி வண்டிக்கு ஆகாது. உள்ள ஈரம் தங்கும். மழைக்காலம் முடியறதுக்குள்ள பெயிண்டு பொரிஞ்சு போயிடும். உள்ள பூஞ்சை புடிக்கும்."

"அய்யோ! நல்லவேளை இப்பயாவது பாத்தீங்க" என்று தஹ்மீனா எழுந்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தப்பிக்க ஒரு வாசல் திறந்துதான் கிடந்தது. பின்னால் அடுப்படி வாசலில் ஷமா நிற்பது கமருன்னிஸாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"இப்பப் பாக்கல. அன்னைக்கே தெரியும். நீ கேக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான் தச்சேன்."

தஹ்மீனாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"மூணு நாளா?"

"மூணு நாளா."

"இந்த வண்டி எங்களுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல ராத்தா? அவருக்கு முதுகு போயிருச்சு. இனி அங்க போய் ஓட்ட முடியாது. எங்களுக்குன்னு பிள்ள குட்டியும் இல்ல. இது ஒண்ணத்தான் நம்பி வந்திருக்கோம். அதுல போயி..." அவள் திரும்பி வெள்ளிக் கவரைப் பார்த்தாள். பிறகு, "நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல. பொறாமை. அவ்வளவுதான். அதுக்கு வேற பேரு எனக்குச் சொல்லத் தெரியல."

தஹ்மீனா அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகமிருந்தது. அடிக்க ஓங்கியிருந்தால்கூட கமருன்னிஸாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அவுத்துடுங்க" என்றாள் தஹ்மீனா. "நான் கை வைக்க மாட்டேன்."

கமருன்னிஸா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்ணில் முட்டி போட்டாள். ஒன்பது பெல்ட்டையும் ஒவ்வொன்றாக விடுவித்தாள். கடைசி பெல்ட்டுக்கு வண்டியின் அடியில் பாதி உடம்பு நுழைய வேண்டியிருந்தது. ஏணியில் ஏறினாள். ஷமா ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள். கூரைமேல் மண்டியிட்டு, காலையில் இரண்டு ஆண்கள் விரித்த கவரை அவள் ஒருத்தியாகச் சுருட்டினாள். தகரச் சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. கவரின் உள்பக்கத்தில் அதற்குள்ளேயே முத்து முத்தாக வேர்த்திருந்தது.

தொழுகை முடிந்து பாசித் வந்தபோது, கவர் தரையில் கிடந்தது.

"என்ன ஆச்சு? ஏன் அவுத்தீங்க?"

கமருன்னிஸா ஏணியில் பாதியில் நின்றாள். சொல்ல வேண்டியதை மறுபடி முதலிலிருந்து சொல்ல மூச்சை இழுத்தாள்.

தஹ்மீனா முந்திக்கொண்டாள். "துணி சரியில்லையாம். ஈரம் தங்குமாம். ராத்தாதான் வந்து சொன்னாங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. கமருன்னிஸா தஹ்மீனாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. காப்பாற்றினாளா, பிறகு எடுக்க முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாளா?

"சாம்பத் துணி கடையில பாதிக்குத்தான் காணும்" என்றாள் கமருன்னிஸா. "மீதி கரூர்லேர்ந்து வர மூணு நாளாவது ஆகும். வந்ததும் தச்சிடுவேன். ராப்பகலா தச்சிடுவேன்."

"மழ நாளன்னைக்கே வருதே" என்று பாசித் தலையைச் சொறிந்தான். "இங்க தெறந்த வெளியில விட்டா தென்ன மட்ட விழுந்தாலே போச்சு. ஒண்ணு பண்ணலாம். தஞ்சாவூர்ல என் கூட்டாளி விஸ்வாவோட ரைஸ் மில்லுல உசரமான ஷெட்டு இருக்கு. சம்பா நெல்லு வர்ற வரைக்கும் காலியாத்தான் கெடக்கும். இப்பவே கெளம்பினா இருட்டறதுக்குள்ள பாதி வழி போயிடலாம். கரூர்த் துணியையும் அங்கயே எறக்கச் சொல்லிடலாம்."

"நல்லது" என்றாள் தஹ்மீனா. பிறகு கமருன்னிஸாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ராத்தாவும் நம்மகூட வரட்டும். மெஷின ஏத்திக்குங்க. அளவு தெரிஞ்சவங்க அவங்கதானே? துணி வந்து, தச்சு, போத்தி முடிக்கிற வரைக்கும் அங்கதான் இருக்கணும்."

"நான் வர்றேன் சாச்சி" என்று ஷமா முன்னால் வந்தாள். "எனக்கும் தைக்கத் தெரியும். உம்மா இங்க..."

"நீ கடையப் பாத்துக்கம்மா. மூஸா மச்சான் வேற ஊர்ல இல்ல" என்றாள் தஹ்மீனா. ஷமாவிடம் பேசும்போது மட்டும் குரல் பழையபடி மிருதுவாக இருந்தது. அந்த மிருதுவைக் கேட்டதும், இத்தனைக்குப் பிறகும், கமருன்னிஸாவின் நெஞ்சில் அந்தப் பழைய முள் ஒரு தடவை குத்தியது. சீ என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அரை மணியில் தையல் மெஷினும் பாதித் துணியும் வண்டிக்குள் ஏறின. ஷமா ஒரு தூக்கில் சோறு கட்டிக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தாள்.

"மறக்காம சாப்பிடுங்க உம்மா."

கமருன்னிஸா மகளின் தலையைத் தொட்டாள்.

வண்டி தோப்பை விட்டு வெளியேறி மன்னார்குடி சாலையில் திரும்பியது. இருபுறமும் சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் பளபளத்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முன்னால் பாசித் ஒற்றையாக உட்கார்ந்து ஓட்டினான். எஞ்சின் இரைச்சலில் பின்னால் பேசுவது அவனுக்குக் கேட்காது.

கமருன்னிஸா சிறு மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தஹ்மீனா எழுந்து நடுத்திரையை முழுசாக இழுத்துவிட்டு வந்து, மேஜையின் அந்தப் பக்கம் அமர்ந்தாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"தஞ்சாவூர் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றாள். "அவருகிட்ட சொல்றதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. மொதல்ல எனக்குச் சொல்லுங்க ராத்தா. வண்டி வந்ததுக்கப்புறம்தான் இந்தப் பொறாமையா? இல்ல, நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்தா?"